வீட்டுப் பேச்சும் தேவ வரமே



பெந்தேகொஸ்தே திருநாளன்று பல தேசத்தார், அப்போஸ்தலர் பேசியதைத் தங்கள் சொந்தப் பாஷையிலேயே கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். எல்லாரும் ஒரே பாஷையைக் கற்கும்படி இஸ்பிரீத்துசாந்து செய்யவில்லை. அவரவர் வீட்டுப் பேச்சையே தேடி வந்தார்.

நமது நீலகிரியைப் பாருங்கள். தோதவர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகிய ஒவ்வொரு ஜனத்தாருக்கும் தனிப் பேச்சு உண்டு. படக பாஷை கன்னடத்துக்கு நெருங்கிய உறவு. நமது 'பால்' அதில் 'ஹாலு'. நமது 'புலி' அங்கே 'ஹுலி'. பரம்பரையாக அதற்குத் தனி எழுத்துக் கிடையாது. ஆயினும் 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் 1,33,000-க்கு மேற்பட்டோர் அதைத் தாய்மொழி என்றார்கள். தோதவரோ ஏறக்குறைய 2,000 பேரே.

1603-ல் பெனிசியோ என்னும் சேசு சபைக் குரு, இம்மலையில் பழைய கிறிஸ்தவர்கள் உண்டென்று கேள்விப்பட்டு மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்தார். கிறிஸ்தவர்களைக் காணவில்லை, தோதவரையும் படகரையும் கண்டு, அவர்களைப் பற்றி எழுதி வைத்தார்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையிலும் இப்படி ஒரு ஜனம் உண்டு. அவர்கள் நாடு பிரியூலி. மயிலாப்பூரில் அர்ச். தோமையார் ஆலயத்தைக் கண்டு எழுதிய முத்திப்பேறு பெற்ற ஒதோரிக் அந்நாட்டவரே. 1331-ல் மரித்த அவருடைய சரீரம் அங்கே ஊதினே நகரில் இருக்கிறது. அவர்கள் பாஷையை வெகுகாலம் இத்தாலியத்தின் கொச்சை என்று பலர் எண்ணினார்கள். 1999-ல்தான் இத்தாலிய தேசச் சட்டம் அதைக் காக்கத்தக்க பாஷையாக ஏற்றது. சட்டம் வருமட்டும் அதைப் பிழைப்பித்தது எது? வீட்டில் பேசியதே.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பிள்ளைகள் இங்கிலீஷில் மட்டும் செபம் சொல்லுகிறார்கள். பாட்டி பக்கத்தில் ஊமைபோல் உட்கார்ந்திருக்கிறாள். நோவிலும் பஞ்சத்திலும் அவளைத் தாங்கிய விசுவாசத்தை எந்தப் பாஷையில் பேரனுக்குச் சொல்லுவாள்? இங்கிலீஷ் படிப்பு வேண்டாம் என்பதல்ல. பள்ளிப் பாஷை வந்ததென்று வீட்டுப் பாஷையைத் தள்ளிவிடவேண்டாம் என்பதே. ஆராதனையில் ஜனங்களின் பாஷைக்குத் திருச்சபையே 1963-ல், வத்திக்கான் சங்கத்தில், வாசலைத் திறந்தது. நாம் அதை வீட்டில் அடைக்கலாமா?

இவ்வாரப் பயிற்சி: ஒரு நாளாவது ஜெபமாலையை வீட்டின் மூத்தவர் தமது சொந்தப் பாஷையில் நடத்தட்டும். பிள்ளைகள் அவரிடம் தெரியாத சொற்கள் மூன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.