டப்பா பவுடர் தேவையா?

ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல். எதிர்ப்புச் சக்திக்கு டப்பா பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, சிதம்பரம்

வேண்டாம் அம்மா. அந்தப் பணத்துக்குக் கடலூர் முதுநகர் மத்தியை வாங்கிக் குழம்பு வையுங்கள். புரதமும் வைட்டமின் டி-யும் சேர்ந்தே கிடைக்கும். மீன் ஆகாதென்றால் முட்டை, முளைகட்டிய பயறு, சுண்டல். உங்கள் ஊர் கத்திரிக்காய் கொத்சு ருசிதான். ஆனால் புரதம் குறைவு, கூடவே சாம்பாரும் இருக்கட்டும். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம். நெல்லிக்காயை வேகவைக்காமல் பச்சையாகத் துவையல் அரையுங்கள்.

சாப்பாடு மட்டும் போதாது. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் கொரோனா பரவியபோதும் முகக்கவசமும் கைகழுவலும் தொற்றைக் குறைக்க உதவின. தொற்று வராமல் சாப்பாடு தடுக்காது. ஆனால், வந்த காய்ச்சலைத் தாங்க உடம்புக்குத் தெம்பு தரும். எனவே, காய்ச்சல்காரரைப் பத்தியமென்று பட்டினி போடாதீர்கள். பாசிப்பருப்புக் கஞ்சி, உப்பிட்ட மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.