கொல்லையில் பறவைகளுக்கு இரைத்தட்டு

பறவைக்கு இரையிடுவது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய வழக்கமன்று. காகத்திற்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணும் இல்லங்கள் இன்றும் பல. நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி, சிட்டுக்குருவிக்கென வாயில் நிலையில் தொங்கவிடுவதும் பழைய வழக்கமே. ஆயினும், கொல்லையில் நாள்தோறும் இரை வைக்கத் தொடங்குவோர், வைப்பதில் காட்டும் ஊக்கத்தை மிஞ்சியதை அகற்றுவதில் காட்டுவதில்லை. மேற்பார்வைக்குச் செல்லும் ஊர்களில் நான் காணும் குறை பெரும்பாலும் இதுவே.

ஓரம் சிறிது உயர்ந்த பலகையோ பழைய மூங்கில் தட்டோ போதும். அடியில் நான்கைந்து துளைகள் அவசியம். நீர் தேங்கினால் தானியம் விரைவில் கெட்டுவிடும். ஆள் உயரத்தில் கம்பியால் தொங்கவிடுக. பூனை பதுங்கும் புதருக்கும் மதிலுக்கும் சில அடி விலகியிருக்கட்டும்.

சிட்டுக்குருவிக்குக் கம்பு, தினை, நொய்யரிசி உகந்தவை. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்துண்டுகளை விரும்பும். உப்பும் காரமும் சேர்ந்த பண்டம் கூடாது. உழவர்கள் இரண்டு பொருள்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒன்று, விதைப்பில் மிஞ்சிய, மருந்து கலந்த விதை. கழுவினாலும் அது தட்டுக்கு வரலாகாது. மற்றொன்று, பூசணம் பிடித்த நிலக்கடலை. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூசணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது புலனாயிற்று. அஃப்ளடாக்சின் என்று பின்னர்ப் பெயர் பெற்ற நஞ்சு அதுவே. விற்பனைக்கு ஆகாதெனக் கழித்த கடலையைப் பறவைக்கு இடுவது தருமமாகாது.

நிற்க. எவ்வளவு இடுவது? மாலைக்குள் தீர்ந்துபோகும் அளவே. தட்டுக்கும் இருப்புக் கணக்கு உண்டு. அந்தியில் இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். இரவில் கிடக்கும் தானியம் எலியையும் பெருச்சாளியையும் வரவழைக்கும். நெசவாளர் இல்லத்தில் எலி புகுந்தால் கஞ்சி போட்ட பாவு என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

எச்சமும் நொய்யும் கலந்து கிடக்கும் தட்டு நோயையும் பரப்பும். பிரிட்டனில் 2005 முதல் கிரீன்பிஞ்ச் என்னும் சிறு பறவையினம், தொண்டையைப் பற்றும் ஒட்டுண்ணி நோயால் பெருமளவு குறைந்தது. பறவைகள் நெருங்கிக் கூடும் இரைத்தட்டும் நீர்த்தட்டும் அந்நோய் பரவ இடமளித்தன. ஆகவே வாரம் ஒருமுறையேனும் தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துக. பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. சிறகு சிலிர்த்துச் சோர்ந்திருக்கும் பறவை தென்பட்டால், இரண்டு வாரம் இரையிடுவதை நிறுத்துவதே நன்று. பறவைகள் பிரிந்து வேறிடங்களில் இரை தேடிக்கொள்ளும்.

கோடையில் இரையினும் நீரே பெரிது. 2 அங்குல ஆழமுள்ள மண் தட்டில் நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்தால் சிறு குருவியும் அச்சமின்றி நின்று குடிக்கும். நீரை நாள்தோறும் மாற்றாவிடில் அது கொசு வளர்ப்பாகிவிடும்.

நெசவாளருக்குத் தனியே ஒரு சொல். கூடு கட்ட உதவும் என்று கழிவு நூலைக் கொல்லையில் எறிவோர் உண்டு. நீண்ட இழை குஞ்சின் காலைச் சுற்றி இறுகினால், அது கூட்டைவிட்டு எழவே முடியாது. கழிவு நூலைத் திரட்டிக் கட்டி வையுங்கள்.

இரைத்தட்டு வைத்தால் பயிர்ப்பூச்சி ஒழியும் என்று சில உழவர்கள் எண்ணுகிறார்கள். தானியத்திற்கு வருபவை தானியம் உண்ணும் பறவைகளே. சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் பூச்சியை ஊட்டுவது மெய்தான். கொல்லையெங்கும் மருந்தடித்துவிட்டுத் தட்டில் கம்பு வைத்தால் அக்குஞ்சுக்கு என்ன கிடைக்கும்? பூச்சியைப் பிடித்துண்ணும் கரிச்சானுக்கு வேண்டுவது தட்டன்று, உட்கார்ந்து நோட்டமிட ஓர் இடம். உச்சியில் குறுக்குக் கட்டை வைத்த கழிகளை ஏக்கருக்கு 20 வீதம் வயலில் நடுக. இரவில் ஆந்தையும் அவற்றில் அமர்ந்து எலி பிடிக்கும். நெல் பால் பிடிக்கும் தருணத்தில் கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் கதிரைத் தின்ன வரும் பறவைகளுக்கு அவையே இருக்கையாகும்.