மடை திறக்கும் தேவி!

சமையல் முடிந்தது. வீட்டில் எவரும் இன்னும் கை நனைக்கவில்லை. வாழையிலைத் துண்டுகளில் ஒரு சிட்டிகை சோறு வைத்து, அடுப்படி, தண்ணீர் எடுக்கும் இடம், அரிசிப் பானை, பூஜை மாடம் என ஒவ்வோர் இடமாகப் படைத்து வருகிறாள் இல்லத்தரசி. அதன்பிறகே சாப்பாடு!

ஏதோ தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இந்தோனேசியாவின் பாலித் தீவு. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தத் தீவில், இந்தப் படையலுக்கு 'சைபான்' என்று பெயர். அங்கே சோறு என்பது 'தேவி ஸ்ரீ' தந்த பிரசாதம். ஆம், நம் திருமகளின் பெயரேதான்!

சூல் கொண்ட நெல்

வயலில் நிற்கும் நெல்லும் அவர்களுக்கு ஒரு பெண்தான். பயிர் சூல் கொள்ளும் பருவத்தில் 'பியுகுகுங்' என்றொரு சடங்கு. மசக்கைக்காரியின் நாவுக்குப் பிடிக்குமே என்று, புளிப்புக் கனிகளையும் சேர்த்துப் படைக்கிறார்கள்.

பரம்பரை நெல் ரகங்களை அறுக்க அரிவாளை எடுப்பதில்லை. உள்ளங்கைக்குள் மறையும் 'அனி-அனி' என்ற சின்னஞ்சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வது பழைய வழக்கம். கத்தியைப் பார்த்து தேவி மிரண்டுவிடக் கூடாதாம்! கதிர்களைத் தேவியின் உருவமாகக் கட்டி, களஞ்சியத்தில் எழுந்தருளச் செய்வார்கள்.

திருவிழா நாளில் பெண்கள் பூச்சூடி, வரிசையாக நின்று 'ரெஜாங்' நடனம் ஆடுகிறார்கள். தோல்பாவைக் கூத்தில் ராமாயணமும் மகாபாரதமும் நடக்கும். கூத்து நடத்தும் 'டலாங்', சில சடங்குகளில் தீர்த்தமும் மந்திரித்துத் தருவார்.

ஏரித் தாயின் சந்நிதி

தீவின் வடக்கே, எரிமலைப் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது பாத்தூர் ஏரி. அதன் தெய்வம் 'தேவி டானு'. ஊற்றும் ஆறும் அவள் அருளால் பெருகுகின்றன என்பது நம்பிக்கை. 1926-ல் எரிமலைக் குழம்பு பழைய கோயிலை விழுங்கியது. மக்கள் சோர்ந்துவிடாமல் மலை விளிம்பில் 'உலுன் டானு பாத்தூர்' கோயிலை மீண்டும் எழுப்பினார்கள்.

ஒரே நீரைப் பகிரும் உழவர்களின் அமைப்புக்கு 'சுபாக்' என்று பெயர். பாலியில் ஏறக்குறைய 1,200 சுபாக்குகள் உண்டு. ஒவ்வொரு மடைக்கும் ஒரு சிறு சந்நிதி. கிளை ஆறுகளுக்குப் பெரிய கோயில். எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் தேவி. எப்போது நடவு, எந்தப் பக்கத்து வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைக் கோயிலில் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் நட்டால், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ஆளுக்கொரு நாளில் நட்டாலோ, பூச்சிகள் வயல் விட்டு வயல் தாவிப் பெருகும். அக்கம்பக்கத்து சுபாக்குகள் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்தால், அந்தப் பகுதி முழுக்க வயல் காலியாகும். பூச்சிகளும் எலிகளும் இரையின்றி மடியும்.

முறை தவறியபோது...

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. 'குறுகிய காலத்தில் விளையும் புது நெல் இது. கோயில் முறைக்குக் காத்திராமல் அடுத்தடுத்துப் பயிரிடுங்கள்' என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. முதலில் விளைச்சல் கூடியது. பிறகு தண்ணீர்த் தகராறு, புகையான் பூச்சி, எலித் தொல்லை. மருந்தை அடித்தாலும் பூச்சிகள் அடங்கவில்லை.

அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, இந்த நீர்ப்பங்கீட்டைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். கோயில்களின் முறைப்படி பயிரிடும்போதுதான் நல்ல விளைச்சல் கிடைக்கும் என்றது கணக்கு! உழவர்களோ அதற்கெல்லாம் காத்திராமல், புது விதைகளை வைத்துக்கொண்டே, 1980-களில் கோயில் முறைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். 2012-ல் யுனெஸ்கோ, சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஆனாலும், வயல்கள் விடுதிகளாக மாறிவரும் கவலை இன்றும் தீரவில்லை.

'திரி ஹித கரண' என்பது பாலி மக்களின் வாழ்க்கை நெறி. இறைவனோடும் சக மனிதரோடும் இயற்கையோடும் இசைந்து வாழ்வதே நலத்துக்குக் காரணம் என்பது அதன் பொருள். 'எனக்கு முன் இன்னொருவருக்கு' என்று ஒரு பிடி சோற்றை எடுத்து வைக்கும் கையும், 'கடைமடைக்கும் போகட்டும்' என்று தன் மடையை அடைக்கும் கையும் செய்வது ஒரே வழிபாடுதானே!