ஓவியம் உரைக்கும் இசைவரலாறு

ஏடுகள் விளக்காதனவற்றை ஓவியங்கள் விளக்குதல் உண்டு. மேனாட்டு ஊதுகருவியாகிய டிராம்போனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இதன் சிறப்பு நகர்குழலே. ஒன்றனுள் ஒன்றாய்ச் செருகிய இணைகுழல்களைக் கையால் முன்தள்ளக் காற்றுவழி நீளும், ஒலி தாழும். கை ஒரு சாண் செல்லக் காற்றுவழி இரு சாண் நீளும்.

இவ்வமைப்பு எக்காலத்தது? ஆண்டு பொறிக்கப்பெற்று எஞ்சியுள்ள கருவிகளுள் மிகப் பழையது நூரன்பர்க்கில் 1551இல் செய்யப்பட்டது. ஆயின், உரோமையில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில் பிலிப்பினோ லிப்பி 1488க்கும் 1493க்கும் இடையே தீட்டிய சுவரோவியத்தில், மரியன்னையின் விண்ணேற்றத்தைக் கொண்டாடும் வானதூதருள் ஒருவர் இதனை ஊதுகின்றார். எனவே, ஓவியச் சான்று ஏறக்குறைய 60 ஆண்டு முற்பட்டதாம். மேலும், இன்று அகன்று விரிந்துள்ள அதன் வாய், அக்காலத்தில் ஒடுங்கியிருந்தமையையும் பழைய ஓவியங்களால் அறிகின்றோம்.

இனி, நம் யாழின் நிலை யாது? குமிழங்கோட்டில் மரல்நார் கட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. அப்பழைய யாழ்களுள் ஒன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை. உரைகளை மட்டும் ஓதும் நாம், யாழெனக் கேட்டவுடன் வீணையை எண்ணி மயங்குகின்றோம். அம்மயக்கத்தைக் கல் தீர்க்கின்றது. கிருஷ்ணைக் கரையிலுள்ள அமராவதியில் ஏறக்குறைய 1,800 ஆண்டுகட்கு முன் செதுக்கப்பெற்று, இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள சிற்பங்களில், வில்போல் வளைந்த நரம்புக்கருவியைக் கண்ணாரக் காணலாம்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் மாணவர்க்கு எழும்பூர் தொலைவன்று. ஏட்டைக் கற்கும் நாம் கல்லையும் கற்போமாக.