கம்பியைக் கழற்றிய பிறகு...

"நாலு பல்லைப் பிடுங்கி, ரெண்டு வருஷம் கம்பி போட்டு, காசையும் கொட்டிக் கொடுத்தாச்சு. இப்ப கீழ்ப்பல் மறுபடியும் கோணிக்கிட்டு நிக்குதே டாக்டர்!"

மகளுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் இப்படி அங்கலாய்க்கும் அம்மாக்கள் உண்டு. பல்லை எடுத்ததே தப்போ? கம்பி போட்டவர் சரியாகச் செய்யவில்லையோ? பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

தாடை சின்னது, பற்கள் பெரிது என்றால் எல்லாவற்றுக்கும் இடம் போதாது. அப்போது கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப் பல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு எடுத்துவிட்டு மற்றவற்றை வரிசைப்படுத்துவார்கள். 'இடம்தான் கிடைச்சாச்சே, இனி நகராது' என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதைப் பொறுமையாகத் தொடர்ந்து கவனித்தார்கள். முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்று, ரீடெய்னரையும் நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன 65 பேரைப் பரிசோதித்து 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை! 1988-ல் வந்த அடுத்த ஆய்வில், 20 வருஷம் ஆன 31 பேரில் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் வரிசை ஏற்கும்படி இருந்தது. யாருக்குக் கோணும், யாருக்குக் கோணாது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. பல் எடுக்காமல் கம்பி போட்டவர்களுக்கும் இதே கதைதான். அதனால் எடுத்த பல்லின் மேல் பழி போடாதீர்கள்.

காரணம் என்ன? பல்லைச் சுற்றி ஈறுக்குள் ரப்பர் மாதிரி நார்கள் இருக்கின்றன. திரும்பியிருந்த பல்லை நேராக்கினால், இந்த நார்கள் பல மாதங்கள் வரை அதைப் பழைய பக்கமே இழுக்கும். இது போக, வயதாக ஆகக் கீழ்த்தாடைப் பல் வரிசை தானே கொஞ்சம் குறுகும். கம்பியே போடாதவர்களுக்கும் இது நடக்கிறது. ஞானப்பல் முளைத்துத் தள்ளுகிறது என்பார்கள். அதற்குப் பெரிய பங்கு இல்லை.

ஆக, பல்லை எடுப்பது இடம் தரும். பிடித்து வைப்பது ரீடெய்னர்தான். ஆரம்பத்தில் டாக்டர் சொல்லும் மாதங்கள் வரை முழு நேரமும், பிறகு ராத்திரி மட்டும். எத்தனை காலம்? பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை! காலேஜ் சேர்ந்ததும் டப்பாவில் போட்டு மறந்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

வெந்நீரில் கழுவினால் ரீடெய்னர் வளைந்துவிடும். ஓட்டலில் பேப்பரில் சுற்றி இலையோடு எறிந்துவிட்டு வருவதும் நடக்கிறது. போடும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அழுத்தித் திணிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் போனால் லேசான கோணலைச் சின்ன சிகிச்சையிலேயே சரி செய்யலாம்.

கீழ்ப்பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டியிருந்தால், அடிக்கடி நாக்கால் தடவிப் பாருங்கள். ஒரு பல்லில் மட்டும் அது விட்டுப்போனால் வலி எதுவும் இருக்காது. அந்தப் பல் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.