மண்டபத்துக்கு வெளியே உள்ள வேலை

பன்னாட்டு மாநாடு ஊருக்கு வருகிறது என்றதும் உள்ளூர்ச் சங்கக் கூட்டங்களில் முதலில் எழுவது மேடைப் பேச்சுதான். வரவேற்புரை யார், எந்த அமைச்சர் வருவார், யாருக்குப் பக்கத்தில் யாருடைய நாற்காலி. இதை முதல் கூட்டத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். ரோட்டரியானாலும் லயன்ஸானாலும் மேடை, பேச்சாளர், பதிவுக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தலைமையகத்தின் பொறுப்பு. ரோட்டரிக்கு அது அமெரிக்காவின் எவன்ஸ்டனில் இருக்கிறது, லயன்ஸுக்கு ஓக் புரூக்கில். உள்ளூர்க் குழுவின் கையில் மிஞ்சுவது விமான நிலையம், ரயில், சாப்பாடு, மாலைப் பொழுது, திடீர்த் தலைசுற்றல், தொலைந்த கைப்பை. வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவதும் இவற்றைப் பற்றித்தான்.

ரோட்டரியின் 2024 மாநாடு மே 25 முதல் 29 வரை சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸில் நடந்தது. 1999-க்குப் பிறகு அந்த ஊருக்கு அது இரண்டாவது முறை. கீழே வரும் வேலை வரிசைக்கு அந்த ஊரையே மாதிரியாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒப்பந்தம்

விருந்து மண்டபம், பேருந்து, படகு என்று எதற்கு முன்பணம் கொடுத்தாலும், மாநாடு நின்றுபோனால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2020-இல் ஹொனலுலுவும் 2021-இல் தைப்பேயும் ரோட்டரி மாநாட்டுக்குத் தயாராகிக் கடைசியில் பெருந்தொற்றால் எல்லாமே இணையவழிக்குப் போனது. தைப்பேக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தது 2026-க்குத்தான்.

அடுத்து ஆட்கள்

தொண்டூழியர் எத்தனை பேர் என்பதைவிட என்ன மொழி பேசுவார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் நான்குக்கும் ஆள் தட்டுப்பாடில்லை. ஜப்பானியருக்கும் கொரியருக்கும் பிரேசில்காரருக்கும் யார் பேசுவது? பல்கலைக்கழக மாணவர்களையும் அந்தந்த நாட்டுச் சமூக மன்றங்களையும் ஆறு மாதம் முன்பே அணுகுங்கள். தொண்டூழியரின் சட்டையில் குத்தும் வில்லையில் அவர் பேசும் மொழியின் பெயரை அந்த மொழி எழுத்திலேயே அச்சடியுங்கள். கூட்டத்தில் தன் எழுத்தைப் பார்த்த ஆள் தானாகவே பக்கத்தில் வந்து நிற்பார். ஒருவருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் முறை போடாதீர்கள். ஐந்தாவது மணி நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வராது.

புறப்படும் முன் ஒரு பக்கம்

நாற்பது பக்கக் கையேட்டை யாரும் படிப்பதில்லை. விருந்தினர் விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பு, கைபேசியில் ஒரே பார்வையில் படிக்கிற அளவுக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள். தெரியாமல் செய்தால் மாட்டிக்கொள்ளும் விஷயங்கள்தான் அதில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் என்றால் வருகை அட்டையை வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணமில்லை (காசு கேட்கும் தளங்கள் போலியானவை). மின்சிகரெட் சட்டவிரோதம். சிகரெட்டுக்குத் தீர்வை விலக்குக் கிடையாது, ஒரு பெட்டியானாலும் அறிவித்தாக வேண்டும். சூயிங்கம் வேண்டாம். மின்செருகி மூன்று சதுர முனை. கடைசியாக ஒரு சால்வை: வெளியே வேர்த்து ஊற்றும், அரங்குக்குள் குளிரூட்டி நடுக்கும்.

பெட்டியோடு ஒருமுறை நடந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாக் குழுக்களும் தாண்டிவிடுகின்றன. வரைபடத்தில் சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே சேண்ட்ஸுக்கு வழி எளிதாகத் தெரியும். அங்கேயே ரயில் ஏறி, எக்ஸ்போ நிலையத்தில் டௌன்டவுன் பாதைக்கு மாறி, பேஃபிரண்டில் இறங்கினால் தலைக்கு மேலே மாநாடு. ஆனால் பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு, அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் போய்ப் பாருங்கள். ரயில் நிலையம் இருப்பது இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில். நான்காம் முனையத்தில் இறங்கியவர் முதலில் ஒரு பேருந்து பிடிக்க வேண்டும். கதவுக்கு முன்னால் பயணச்சீட்டு இயந்திரம் தேடி நிற்பார், கையிலுள்ள வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும் என்று தெரியாமல். எக்ஸ்போவில் மின்தூக்கி எந்தப் பக்கம் என்று திகைப்பார்.

நீங்கள் எங்கெல்லாம் நின்று யோசித்தீர்களோ, அங்கெல்லாம் ஒரு தொண்டூழியரை நிறுத்துங்கள். வருகைக் கூடத்தில் பத்துப் பேர் பதாகை பிடித்து நிற்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் எக்ஸ்போ மின்தூக்கி அருகில் நிற்கும் ஒருவர்தான் அதிகம் உதவுவார்.

சாப்பாடு

இதில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீணில்லை. மதிய அமர்வு முடிந்ததும் பல்லாயிரம் பேர் ஒரே கதவு வழியாகப் பசியோடு வெளியே வருவார்கள். பக்கத்துக் கடைத்தொகுதி தாங்காது. ஆகவே கூட்டத்தை ரயிலில் ஏற்றிக் கலையுங்கள். பேஃபிரண்டிலிருந்து ஒரு பக்கம் ஒரே நிலையம் தள்ளி டௌன்டவுன், அங்கிருந்து லாவ் பா சாட் உணவங்காடி நடை தூரம். எதிர்ப்பக்கம் நான்காவது நிலையம் லிட்டில் இந்தியா, வெளியே வந்தால் தேக்கா அங்காடி, அதைத் தாண்டினால் சிராங்கூன் சாலையில் 1947-இலிருந்து நடக்கும் கோமள விலாஸ். இந்த இரண்டு திசையையும் ஒரு சீட்டில் அச்சடித்து வாசலிலேயே கொடுங்கள்.

உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் பட்டியலில் சேர்த்தது என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் காலியான மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று விருந்தினருக்கு யார் சொல்வது? உட்கார்ந்துவிடுவார், பிறகு சங்கடம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதும் தெரியாது. இந்த இரண்டு வரியையும் அதே சீட்டில் சேருங்கள்.

சைவம் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள். சீனச் சைவக் கடையில் கோழி போலவே வார்த்த சோயாவைப் பார்த்து நம்மூர்ப் பாட்டிமார்கள் எழுந்து போய்விடுவார்கள். அதே கடையில் பல சமயம் பூண்டும் வெங்காயமும் இருக்காது, அது ஜைனர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் உருளைக்கிழங்கும் கேரட்டும் இருக்கும், அது கெட்ட செய்தி. பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை என்று எழுதிய பலகையும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து எப்போதும் பெருங்கூட்டம் வரும். அவர்களுக்காக, ஜைன உணவு உறுதியாகக் கிடைக்கும் இரண்டு கடைகளை நேரில் போய்ப் பேசி வையுங்கள். கடைக்காரரிடம் நாளையும் நேரத்தையும் சொன்னால் அவரும் கூடுதலாக மாவு அரைத்து வைப்பார்.

மாலைகள்

ஆற்றுப் படகும் வான்தோட்டமும் விருந்தினர் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். உங்களால் மட்டுமே தர முடிந்தது உங்கள் வீடு. அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியில், ஆறு பேருக்கு மேல் போகாமல், ஒரு சாப்பாடு. வெளிநாட்டு ரோட்டேரியனுக்கு இது எந்த விருந்து மண்டபத்தையும்விடப் பெரியது. வந்தவர் தம் சங்கக் கொடியைக் கொடுப்பார், பதிலுக்கு உங்கள் சங்கக் கொடியும் கையில் தயாராக இருக்கட்டும். பிள்ளைகள் அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்துப் பேசட்டும், மனப்பாடம் செய்த வரவேற்புப் பாட்டு வேண்டாம்.

ஊர் மக்களுக்கும் மாநாடு கண்ணில் பட வேண்டும். 2014-இல் சிட்னியில் ரோட்டேரியன்கள் நூற்றுக்கணக்கான கொடிகளுடன் துறைமுகப் பாலத்தின் மேல் ஏறிப் போலியோ ஒழிப்புக்கு நிதி திரட்டினார்கள். லயன்ஸ் மாநாட்டில் நாடுவாரியாகத் தெருவில் அணிவகுப்பு உண்டு. அப்படியானால் அணிவகுப்பு தொடங்கும் இடத்தைவிட முடியும் இடத்தைக் கவனியுங்கள். கனத்த தேசிய உடையில் வெயிலில் நடந்து வருபவர்களுக்கு அங்கே நிழல், தண்ணீர், நாற்காலி, கழிப்பறை நான்கும் இருக்க வேண்டும்.

உடம்புக்கு

வருபவர்களில் முதியவர்கள் நிறைய. மாத்திரைப் பெட்டியை ஊரிலேயே மறந்து வந்தவர் கட்டாயம் இருப்பார். விடுதிக்கு அருகில் இரவும் திறந்திருக்கும் மருந்தகத்தின் பெயர் உதவி மேசையில் இருக்கட்டும். அவசர மருத்துவ வண்டிக்கு 995, காவல்துறைக்கு 999. பயணக் காப்புறுதி இல்லாமல் வருபவருக்குச் சிங்கப்பூர் மருத்துவமனைச் செலவு தாங்காது, ஆகவே அதையும் அந்த ஒரு பக்கச் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

கடைசி நாள்

நிறைவு விழா நாளில் குழு களைத்துப்போயிருக்கும், விருந்தினருக்கோ அன்றுதான் தலை சுற்றும். அறையைக் காலி செய்தாகிவிட்டது, விமானம் இரவில். பெட்டிகளை வைக்க மண்டபத்தில் ஓர் அறை கேட்டு வாங்குங்கள். உதவி மேசையில் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று வையுங்கள், முஸ்தபா கடைத்தொகுதிக்குப் போய் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். தகுதியுள்ள கடையில் நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் வாங்கிய சுற்றுப்பயணி பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் பெட்டியை விமானத்தில் போடும் முன்பே சாங்கியில் அதைக் கேட்க வேண்டும் என்று நினைவூட்டுங்கள்.

உதவி மேசையில் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்து, கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வாருங்கள். முடிந்த இரண்டு வாரத்துக்குள் அதைத் தட்டச்சு செய்து அடுத்த ஊருக்கு அனுப்புங்கள். சிங்கப்பூருக்கு அடுத்து 2025 ஜூனில் கனடாவின் கால்கரி நடத்தியது. அப்படி அடுத்து நடத்தப்போகும் குழுவுக்கு, முதல் நாள் காலை எந்த வாசலில் எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற அந்தக் குறிப்பு புகைப்படத் தொகுப்பைவிட உதவும்.