கணிப்பொறி வட்டு: விரைவா, உறுதியா?

கணிப்பொறியில் ஒரு கோப்பை எழுதி முடித்ததும் ‘சேமிக்கப்பட்டது’ என்று திரை அறிவிக்கிறது. அந்த நொடியில் அது வட்டில் பதிந்துவிட்டதா? பல வேளைகளில் இல்லை என்பதே விடை. காரணத்தைக் காண்போம்.

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்வட்டுக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை தடம் விட்டுத் தடம் நகர மேலும் சில மில்லி நொடிகள். ஆகக் கூடி 10 மில்லி நொடி எனக் கொள்வோம். முதன்மை நினைவகமோ சுமார் 100 நானோ நொடியில் விடை தந்துவிடும். வேற்றுமை ஒரு லட்சம் மடங்கு!

எனவே இயக்க முறைமை நினைவகத்தின் ஒரு பகுதியைக் ‘கேஷ்’ என ஒதுக்குகிறது. ஒருமுறை படித்ததை அங்கே வைத்திருந்து, மறுமுறை கேட்டால் வட்டுக்குப் போகாமலே தருகிறது. எழுதுவதையும் அங்கேயே வாங்கி வைத்து, தட வரிசைப்படி ஒழுங்குசெய்து, பிறகு மொத்தமாக வட்டுக்கு அனுப்புகிறது. பழைய யூனிக்ஸில் 30 நொடிக்கு ஒருமுறை இப்படி அனுப்புவது வழக்கம். லினக்ஸின் இயல்பான அமைப்பிலும், 30 நொடி பழையதான மாற்றங்கள் வட்டுக்கு அனுப்பத் தகுதி பெறுகின்றன.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நெல் மண்டியில் எடைக் கணக்கு எழுதும் என் தந்தையிடம் இதைச் சொன்னேன். “மூட்டைக் கணக்கைச் சீட்டுல குறிச்சு வச்சு, சாயங்காலம் பேரேட்டுல ஏத்துறோமே, அது மாதிரிதானே? ஆனா பணம் கை மாறுனா அப்பவே ஏத்திடணும்” என்றார். பாடம் முழுதும் அதில் அடங்கிவிட்டது.

சீட்டுத் தொலைந்தால் கணக்குப் போகும். அதுபோல் திடீரென மின்சாரம் நின்றால், வட்டை அடையாத எழுத்தெல்லாம் அழியும். இதைத் தவிர்க்க ‘எஃப்சிங்க்’ என்னும் கட்டளை உண்டு. வட்டில் பதியும்வரை நிரல் காத்திருக்கும். ஆனால் அதற்கும் விலை உண்டு. மேற்சொன்ன வட்டு நொடிக்கு 120 சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு வரவுசெலவும் ஒரு சுற்றுக் காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 120க்கு மேல் முடியாது. அதனால்தான் தரவுத்தளங்கள் பல பதிவுகளைச் சேர்த்து ஒரே முறையில் பதிக்கின்றன. சுழலாத எஸ்.எஸ்.டி. வந்து காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் நினைவகத்தின் வேகத்தை அது எட்டவில்லை. சிக்கல் சிறுத்தது, தீரவில்லை.

எதைத் தாமதிக்கலாம், எதைக் கூடாது என்பது இயக்க முறைமைக்குத் தானாகத் தெரியாது. கட்டுரை வரைவும் வங்கிக் கணக்கும் அதற்கு ஒன்றே. குறித்த பக்கத்தை உடனே வட்டுக்கு அனுப்பும் வசதி தரவுத்தளத்திற்குத் தேவை என்று மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981இல் எழுதியதும் இதனால்தான். நிரல் எழுதப்போகும் நண்பர்களே, விரைவை இயக்க முறைமை பார்த்துக்கொள்ளும். எந்த எழுத்து பிறருடைய உழைப்புக்கும் பணத்துக்கும் சாட்சி என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.